பொதுக்குழுவில் முதலில் வாக்கியம், பிறகு விவாதம்

கேள்வி இது: தில்லியில் ஒரு தமிழ் மன்றம். நகரின் பல பகுதிகளிலும் சிதறி வாழும் 180 உறுப்பினர்கள். சென்ற பொதுக்குழுவில் நூலகத்துக்கு வாடகைக்கு இடம் எடுக்கலாம் என்று பேச்சு வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். செயற்குழு துவாரகாவில் ஓர் அறையைப் பேசி முடித்து, 45,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டது. இப்போது பாதிப் பேர், “மயூர் விஹார் பக்கம் என்றல்லவா நினைத்தோம்” என்கிறார்கள். அடுத்த மாதம் மீண்டும் பொதுக்குழு. புதிதாகப் பொறுப்பேற்ற செயலாளர் கேட்கிறார்: “கூட்டத்தை நாடாளுமன்ற முறைப்படி நடத்த விரும்புகிறேன். ராபர்ட் விதிகள் நமக்குப் பொருந்துமா? எங்கிருந்து தொடங்குவது?”

என் பதில்:

உங்கள் மன்றத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. துவாரகாவை மனத்தில் வைத்திருந்தவர் துவாரகாவுக்குக் கைதட்டினார். யமுனைக்கு அக்கரையில் குடியிருப்பவர் மயூர் விஹாருக்குக் கைதட்டினார். இன்ன இடத்தில், இன்ன வாடகைக்கு, இத்தனை மாதங்களுக்கு என்று எழுதிய ஒரு வாக்கியம் மட்டும் அந்த அறையில் இல்லை. தலைநகரில் தமிழர் அமைப்புகளில் செயலாளராகவும் கூட்டத் தலைவராகவும் பல காலம் இருந்திருக்கிறேன். நான் பார்த்த பெரிய மனத்தாங்கல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைத்தன. நாடாளுமன்ற நடைமுறை என்று பெரிதாகச் சொல்லப்படுவதன் சாரமும் இதுதான்: ஒரு வாக்கியத்தை அவைமுன் வைத்து, அதைத் திருத்த வாய்ப்புக் கொடுத்து, கடைசியில் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வைப்பது. அறிவிப்பு, குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை), திருத்தம், வாக்கெடுப்பு, நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் அந்த வாக்கியத்துக்குக் காவலாக வந்தவை.

ராபர்ட் விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் அமெரிக்க ராணுவத்தில் பொறியாளராக இருந்தவர். 1876இல் அவர் வெளியிட்ட விதித் தொகுப்பை அமெரிக்காவின் மன்றங்களும் சங்கங்களும் இன்றும் பின்பற்றுகின்றன. உங்கள் பைலா, அதாவது மன்றத்தின் அமைப்பு விதிகள், அதை ஏற்றிருந்தாலொழிய அது உங்களைக் கட்டாது. உங்களைக் கட்டுவது முதலில் சட்டம், அடுத்து பைலா, அதற்கடுத்து பொதுக்குழு தானே ஏற்றுக்கொண்ட கூட்ட விதிகள். நம்மவர்களின் காதுக்குப் பழகியது மக்களவை நடைமுறை. அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் மட்டும் ராபர்ட் பக்கம் நிற்பேன். “போதும், விவாதத்தை முடித்து வாக்குக்கு விடுங்கள்” என்ற கோரிக்கை மக்களவையில் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறும். நியாயமான விவாத உரிமையைப் பறிக்கிறது என்று தோன்றினால் சபாநாயகர் அதை ஏற்க மறுக்கலாம். ராபர்ட் முறையில் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சிறிய அமைப்புகளுக்கு இரண்டாவதே நல்லது. பேச வந்தவரைப் பேசவிடாமல் செய்வது பெரிய காரியம். பாதிக்கு மேல் ஒருவர் கூடுதலாக இருந்தால் போதும் என்று அதைச் செய்துவிடக் கூடாது.

இனி அறிவிப்பு. “நூலகம் குறித்து” என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி போட்டு அனுப்புவதுதான் வழக்கம். அதைப் படிக்கிறவர் வரவேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. தீர்மானத்தின் முழு வாசகத்தையும் அறிவிப்பிலேயே அச்சிடுங்கள். எத்தனை நாள் முன்பு அனுப்ப வேண்டும், தபாலிலா மின்னஞ்சலிலா என்பதைப் பைலாவில் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பைலா அதை ஒப்புக்கொண்டால்தான் போதும். மத்திய அரசுப் பணியில் இருப்பவர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருக்கும் ஊர் இது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் முகவரிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தால், அந்த உறையைக் கிழித்துப் போடாமல் கோப்பில் வையுங்கள். அறிவிப்பு அனுப்பப்பட்டதற்கு அதுவே சான்று.

“தலைவர் அனுமதியுடன் பிற விஷயங்கள்” என்று நிரலின் கடைசியில் ஒரு வரி இருக்கும். அதன் கீழ் யோசனை சொல்லலாம், கேள்வி கேட்கலாம், ஒரு விஷயத்தைச் செயற்குழுவின் பரிசீலனைக்கு அனுப்பலாம். பணம் செலவிடும் முடிவை அதன் கீழ் எடுக்கக் கூடாது. வராதவர்களும் உறுப்பினர்கள்தான். தங்கள் பணம் பற்றி முடிவாகப்போகிறது என்று தெரிந்திருந்தால் அவர்கள் வந்திருப்பார்கள்.

கூட்டத்துக்கு முன்பே வாக்காளர் பட்டியலை முடித்துவிடுங்கள். தில்லியில் பதிவான சங்கங்களுக்கு 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம் பொருந்தும். அதன் 15ஆம் பிரிவின்படி, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்திருப்பவருக்கு அச்சட்டத்தின் கீழ் வரும் நடவடிக்கைகளில் வாக்கும் இல்லை, உறுப்பினர் கணக்கில் அவர் சேரவும் மாட்டார். உங்கள் 180 பேரில் 50 பேர் பாக்கி என்றால், கணக்கு 130இலிருந்துதான் தொடங்கும். இதைப் பொருளாளர் வாசலில் நின்று வாய்மொழியாகச் சொன்னால் அவமதிப்பாகப்படும். பட்டியலை அறிவிப்போடு அனுப்பி, இன்ன தேதிக்குள் செலுத்தலாம் என்று எழுதிவிட்டால் அது பொது விதியாகிவிடும், யார் மனமும் நோகாது.

குறைவெண் எவ்வளவு என்பதைப் பைலாதான் சொல்ல வேண்டும். நாடாளுமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு பத்தில் ஒரு பங்கு என்கிறது. 543 பேர் கொண்ட மக்களவைக்கு 55 பேர். அது குறைந்தால் அவையை நிறுத்தி வைப்பதோ ஒத்திவைப்பதோ தலைமை வகிப்பவரின் கடமை. அரை மணி நேரம் காத்திருந்து, அதே இடத்தில் குறைவெண் பார்க்காமல் நடத்தலாம் என்று பல பைலாக்கள் அனுமதிக்கின்றன. அப்படி ஒரு விதி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். “வழக்கமாக அப்படித்தான் செய்கிறோம்” என்பது விதியாகாது. ஜனவரி மூடுபனியில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்துவதைவிட, பதினொன்றரைக்கு வைப்பது நல்லது.

இப்போது விவாதத்துக்கு வருவோம். யார் பேசினாலும் தலைவரை நோக்கியே பேச வேண்டும் என்ற விதியைப் பலர் வெறும் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். நம் கூட்டங்களுக்கு இதைவிடத் தேவையான விதி வேறில்லை என்பேன். நம் மன்றங்களில் எல்லோரும் எல்லோருக்கும் உறவுமுறை. எழுபத்தைந்து வயது மாமா ஒரு யோசனை சொன்னால், முப்பது வயதுப் பெண் எழுந்து, “மாமா, நீங்கள் சொல்வது சரியில்லை” என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் மரியாதைக் குறைவு; சொல்லாவிட்டால் அவள் கருத்து அவளோடு வீட்டுக்குப் போய்விடும். “தலைவர் அவர்களே, முன்மொழிந்த தீர்மானத்தில் வாடகை அதிகம் என்று கருதுகிறேன்” என்று சொல்ல முடிந்தால், மாமாவும் மருமகளும் மாமாவும் மருமகளுமாகவே இருப்பார்கள், தீர்மானம் மட்டும் அடிபடும். எனவே பெயரையும் உறவையும் விட்டு, “முன்மொழிந்தவர்”, “முன்னே பேசிய உறுப்பினர்” என்றே குறிப்பிடும்படி தலைவர் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். யாராவது நேருக்கு நேர் பதில் சொல்ல ஆரம்பித்தால் உடனே, “என்னிடம் சொல்லுங்கள்” என்று மென்மையாகத் திருப்பிவிட வேண்டும்.

ஒருவருக்கு மூன்று நிமிடம். பேசாதவர் பேசி முடிக்கும்வரை, பேசியவருக்கு இரண்டாம் வாய்ப்பில்லை. முன்மொழிந்தவருக்கு மட்டும் இறுதியில் பதிலுரை. பின்வரிசையில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பது எல்லா மன்றங்களிலும் நடக்கிறது. அங்கே நல்ல யோசனைகள் இருக்கும், தலைவர் அந்தப் பக்கம் பார்த்து, “அங்கிருந்து யாராவது பேச விரும்புகிறீர்களா?” என்று கேட்டால் எழுவார்கள். கேட்காவிட்டால் எழ மாட்டார்கள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களில் பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்க வராது. ஆகவே வாக்கெடுப்புக்கு முன் தீர்மானத்தை இரண்டு முறை உரக்க வாசியுங்கள்.

திருத்தங்கள்தான் பலரைக் குழப்பும் இடம். உங்கள் நூலகத்தையே எடுத்துக்கொண்டு, சென்ற கூட்டத்தில் நடந்திருக்க வேண்டியதைக் காட்டுகிறேன். ஒருவர் எழுந்து இப்படி முன்மொழிகிறார்: “மன்ற நூலகத்துக்காகத் துவாரகாவில், மாத வாடகை 15,000 ரூபாய்க்கு மிகாமல், 11 மாதங்களுக்கு ஓர் அறை எடுக்கச் செயற்குழுவுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது.” இன்னொருவர் வழிமொழிகிறார். தலைவர் வாசிக்கிறார். இந்தக் கணத்திலிருந்து தீர்மானம் முன்மொழிந்தவருடையது அல்ல, அவையினுடையது. “சரி, விட்டுவிடுகிறேன்” என்று அவர் தனியாகத் திரும்பப் பெற முடியாது. அவையின் சம்மதம் வேண்டும்.

மயூர் விஹார்க்காரர் ஒருவர், “‘துவாரகாவில்’ என்பதை நீக்கி ‘கரோல் பாகில்’ என்று சேர்க்க வேண்டும்” என்று திருத்தம் கொடுக்கிறார். மெட்ரோவின் நீலத் தடத்தில் இரு தரப்புக்கும் நடுவில் வரும் இடம் அது. இப்போது தலைவர் சொல்ல வேண்டியது: “நூலகம் வேண்டுமா, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ‘துவாரகா’வா ‘கரோல் பாக்’கா என்பதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.” அதற்கிடையில் ஒருவர் எழுந்து, “நூலகமே வேண்டாம் என்று திருத்தம் கொடுக்கிறேன்” என்றால், அது திருத்தமே அல்ல. வேண்டாம் என்பவர் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தால் போதும். மக்களவை விதிகளும் இதையே சொல்கின்றன: எதிர்த்து வாக்களிப்பதன் பலனை மட்டுமே தரும் திருத்தத்துக்கு இடமில்லை. “அங்கேயே பொங்கல் விழாவையும் நடத்தலாம்” என்றால், அது பொருளுக்குப் புறம்பானது. வேறு தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வரலாம். அதற்கும் மேலே ஒன்று வந்தால் தலைவரே தொலைந்துபோவார், அனுமதிக்க வேண்டாம்.

முதலில் திருத்தத்துக்கு வாக்கெடுப்பு. கரோல் பாக் வென்றதும் எல்லோரும் கைதட்டி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் தலைவர் விழிப்பாக இருக்க வேண்டும். இதுவரை ஒரு சொல்தான் மாறியிருக்கிறது, நூலகம் எடுக்க முடிவாகவில்லை. “திருத்தப்பட்ட தீர்மானம் இப்போது இப்படி இருக்கிறது” என்று முழுவதையும் மறுபடி வாசித்து, அதற்கு மீண்டும் வாக்கெடுக்க வேண்டும். கரோல் பாகுக்குக் கை தூக்கியவரே, 15,000 ரூபாய் அதிகம் என்று கருதி இரண்டாவது வாக்கெடுப்பில் எதிர்க்கலாம். அதில் முரண் ஒன்றுமில்லை, அவர் உரிமை அது.

ஒழுங்குப் பிரச்சினை என்று ஒருவர் எழுந்தால் பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்த வேண்டும். தலைவர் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதன்மீது விவாதம் கிடையாது. ஆனால் விதி மீறப்பட்டது என்பதுதான் ஒழுங்குப் பிரச்சினை. “அவர் சொன்ன கணக்கு தவறு” என்பது விவாதம்.

வாக்கெடுப்பில், நம் சங்கங்களுக்கு ‘ஏகமனதாக’ என்ற சொல்மீது அளவு கடந்த ஆசை. கரவொலி எழுந்தால் ஏகமனது என்று எழுதிவிடுகிறார்கள். கரவொலி வாக்கு அல்ல. “ஆதரிப்போர்?” என்று கேட்பது போலவே “எதிர்ப்போர்?” என்றும் கேட்டு, சற்றுக் காத்திருக்க வேண்டும். அந்தச் சிறு மௌனத்தைப் பல தலைவர்கள் தாங்குவதில்லை, உடனே நன்றி சொல்லிவிடுகிறார்கள். எதிர்ப்பவருக்குக் கை தூக்க நேரம் கொடுங்கள். எட்டுப் பேர் எதிர்த்தார்கள் என்று குறிப்பில் எழுதுவது அவமானம் அல்ல. எதிர்த்தவர்களின் நிலைப்பாடும் பதிவாகிவிட்டதால் அவர்கள் வெளியே போய் அதை மறுபடி சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. குரல் வாக்கெடுப்பை யாராவது ஏற்கவில்லை என்றால் கைகளை எண்ணுங்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இரகசிய வாக்கெடுப்பு. அப்போது போட்டியிடாத ஒருவர் தேர்தலை நடத்த வேண்டும். ‘வந்திருந்து வாக்களித்தோர்’ என்று பைலா சொன்னால், வாக்களிக்காமல் அமர்ந்திருப்பவர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்.

சமமாகப் பிரிந்தால் தீர்மானம் தோற்றது என்று பொருள். தலைவருக்கு முடிவு வாக்கு உண்டு என்று எல்லோரும் நம்புகிறார்கள். பைலா கொடுத்தால்தான் உண்டு. இருந்தாலும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு நம் வரலாற்றில் அருமையான முன்மாதிரி இருக்கிறது. 1928இல் மத்திய சட்டப் பேரவையில் பொதுப் பாதுகாப்பு மசோதாவுக்கு ஆதரவு 61, எதிர்ப்பு 61. தலைவராக இருந்தவர் விட்டல்பாய் படேல். அவர் மசோதாவுக்கு எதிராகத் தம் வாக்கை அளித்தார். புதிய மாற்றம் ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறவர்தான் பெரும்பான்மையைத் திரட்டிக் காட்ட வேண்டும். தலைவர் அந்தக் குறையை ஈடுகட்டக் கூடாது. ஒரு மன்றத் தலைவருக்கும் இது அப்படியே பொருந்தும்.

நடவடிக்கைக் குறிப்பு பேச்சுகளின் தொகுப்பு அல்ல. யார் எதை உருக்கமாகச் சொன்னார் என்பது வேண்டாம். தேதி, இடம், தொடங்கிய நேரம், வந்தோர் கையொப்பம், குறைவெண் இருந்தது என்ற வரி, ஒவ்வொரு தீர்மானத்தின் இறுதி வாசகம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கு எண்ணிக்கை இவ்வளவு போதும். பக்கங்களுக்கு எண் இடுங்கள்; நடுவில் வெற்றிடம் விட்டால் குறுக்குக் கோடு போடுங்கள். இந்த வாசகத்தின் அருமை தெரிய வேண்டுமானால், வங்கியில் கணக்கை இயக்கும் கையொப்பதாரரை மாற்றிப் பாருங்கள். “புதிய நிர்வாகிகள் இனி கணக்கைப் பார்த்துக்கொள்வார்கள்” என்று குறிப்பில் இருந்தால் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். எந்தக் கணக்கு எண், யார் யார், மூவரில் எந்த இருவரும் சேர்ந்தா, பொருளாளர் கட்டாயமா என்று தீர்மானமே சொல்ல வேண்டும். வங்கி ஆங்கிலத்தில் கேட்கும். ஆகவே அந்த ஒரு தீர்மானத்தை இரு மொழியிலும் எழுதி, இரண்டையும் கூட்டத்திலேயே வாசித்து நிறைவேற்றுங்கள்.

அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பை உறுதி செய்யும்போது ஒரு தகராறு நிச்சயம் வரும். “அந்த முடிவையே நான் ஏற்கவில்லை, எப்படி உறுதி செய்வது?” என்பார்கள். உறுதி செய்வது, நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மட்டுமே. முடிவை மாற்ற வேண்டுமானால் உரிய அறிவிப்போடு புதிய தீர்மானம் வர வேண்டும்.

சட்டம் கேட்கும் இரண்டு காரியங்களை மறக்க வேண்டாம். ஆண்டுப் பொதுக்குழு நடந்த பதினான்காம் நாளுக்குள் நிர்வாகக் குழுவினரின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியல் பதிவாளரிடம் போக வேண்டும். மன்றத்தின் நோக்கங்களை மாற்றுவதோ வேறு சங்கத்துடன் இணைவதோ சாதாரணப் பெரும்பான்மையில் ஆகாது: யோசனையை எழுத்தில், சிறப்புக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே ஒவ்வோர் உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும், உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் வாக்கு வேண்டும், ஒரு மாத இடைவெளியில் கூடும் இரண்டாவது சிறப்புக் கூட்டத்திலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவோடு அது உறுதியாக வேண்டும். 130 பேர் கணக்கென்றால் முதல் கூட்டத்தில் 78 வாக்குகள். குருகிராம், ஃபரீதாபாத்தில் பதிந்த சங்கமானால் ஹரியானாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். அதன் விதிகள் வேறு.

கடைசியாக, கொடுத்துவிட்ட 45,000 ரூபாய். இதைக் கணக்கு அறிக்கைக்குள் ஒரு வரியாகப் புதைத்துவிடாதீர்கள். தனித் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நான் எழுதுவதானால் இரண்டாகப் பிரிப்பேன். (பின்னேற்பு என்பது ஏற்கெனவே செய்த காரியத்துக்குப் பிறகு கொடுக்கும் ஒப்புதல்.) ஒன்று: “நூலக அறைக்காகச் செயற்குழு இன்ன தேதியில் செலுத்திய 45,000 ரூபாய் முன்பணத்துக்குப் பொதுக்குழு பின்னேற்பு அளிக்கிறது.” இரண்டு: “துவாரகா அறையின் வாடகை ஒப்பந்தம் முடியும்வரை அங்கே நூலகம் நடக்கும், அதன்பின் நூலகம் இயங்க வேண்டிய இடம் குறித்து, ஐவர் குழு மூன்று மாதங்களுக்குள் பொதுக்குழுவுக்குப் பரிந்துரை தரும்.” ஐவரின் பெயர்களும் தீர்மானத்திலேயே இருக்கட்டும், மயூர் விஹார் தரப்பிலிருந்து இருவராவது அதில் இருக்க வேண்டும். பிரித்து வைத்தால், செலவை மன்னித்து இடத்தை எதிர்ப்பவரும் தம் மனப்படி வாக்களிக்க முடியும். முதல் தீர்மானம் தோற்றால் அந்தத் தொகைக்குச் செயற்குழுவினரே பொறுப்பேற்க நேரலாம் என்பதையும் வாக்கெடுப்புக்கு முன் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

இவை இரண்டையும் நிரலில் முந்தைய குறிப்பை உறுதி செய்ததற்கு அடுத்தபடியாகவே வையுங்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கினால் தொலைவிலிருந்து வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் தலைவரே என்றால், இந்த இரண்டு தீர்மானங்கள் முடியும்வரை துணைத்தலைவர் தலைமை ஏற்கட்டும். ஒப்பந்த நகலும் பண ரசீதும் அறிவிப்போடு எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும்.